காப்பு வாரத்தில் வெட்டிய கோழி இதயம்

பிள்ளைகளா, முக்கியமாகச் சின்னவளே, இதை உனக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். அன்றைக்கு நீ உன் அக்காவிடம் அழுதுகொண்டே சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. "நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அம்மாவுக்கு அப்படி ஆகியிருக்காது" என்றாய். அது அப்படி இல்லை, கண்ணு. நடந்ததில் பாதியைத்தான் நீ பார்த்தாய். மீதியையும் சேர்த்து எழுதி வைக்கிறேன். நான் ஆறாம் வகுப்புவரை தமிழ்ப்பள்ளி, அதற்குமேல் மூன்று வருஷம் மலாய்ப் பள்ளி, அவ்வளவுதான். பிழை இருந்தால் அக்கா திருத்திக்கொள்ளட்டும்.

உங்கள் அம்மா தோட்டத்தின் விதைப் பகுதியில் வேலை செய்கிறாள். எண்ணெய் எடுக்கிற செம்பனையின் பெண் பூ விரிவதற்கு முன்னால் ஏணி போட்டு ஏறி, அதற்குத் துணி உறை மாட்டிக் கட்டுகிற வேலை. மழையோ வெயிலோ, ஏணியைத் தூக்கிக்கொண்டு மரம் மரமாகப் போக வேண்டும். பள்ளியின் கடைசி வகுப்பான படிவம் ஐந்தில் உயிரியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். அவளுடைய அப்பா இறந்ததும் படிப்பு நின்றது, கல்யாணம் வந்தது. இத்தனை வருஷம் கழித்து, வேலை அனுபவத்தை வைத்தே ஆன்லைன் பல்கலைக்கழகம் ஒன்று உயிரியல் படிக்கச் சேர்த்துக்கொள்ளும் என்று யாரோ சொன்னார்கள். விண்ணப்பித்தாள். கிடைத்துவிட்டது.

செய்தி வந்த அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டில், அதாவது என் அண்ணன் வீட்டில், தெரிந்துவிட்டது. உங்கள் பெரியப்பா தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர், மாரியம்மன் கோயிலுக்குத் தலைவர். நம் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வைஃபை இழுத்தது அவர்தான். லயத்து வீடுகளில் நம் வரிசைக்கு வேறு லைன் கிடையாது.

"என்னம்மா, யுனிவர்சிட்டி வீட்டுக்கே வருதாமே, சோறு டெலிவரி பண்றாப்ல?" என்று பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

"ஆமாக்கா. சூடா வருமாம்."

"பேரன் எடுக்குற வயசுல படிச்சு என்ன பண்ணப் போற?" என்றார் பெரியப்பா. "எங்களுக்கு ஊசி போடப் போறியா?"

"ஊசி போட மாட்டேன் மாமா. நாலு படி ஏறினா உங்களுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குதுன்னு மட்டும் சொல்வேன்."

எல்லோரும் சிரித்தோம். பெரியப்பாவும் சிரித்தார். அதைத்தான் இப்போது திரும்பத் திரும்ப நினைக்கிறேன், அவர் அன்றைக்கு எவ்வளவு நன்றாகச் சிரித்தார் என்று.

வகுப்பு தொடங்குமுன் ஒரு வாரம் தயாராவதற்கு. மேசை, விளக்கு, கேமரா, லைன் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று மாணவர்களே சோதித்துக்கொள்ள வேண்டும். பைப் குழாயை அறுத்து, போனைத் தலைகீழாக மாட்டுகிற மாதிரி ஒரு தாங்கி செய்துகொடுத்தேன். அக்கா தன் படிப்பு விளக்கைக் கொடுத்தாள். உங்கள் அம்மா எதை எடுத்தாலும் இரண்டு வெள்ளி என்கிற கடையில் சின்னக் கத்தரிக்கோலும், புருவம் பிடுங்குகிற சாமணமும் வாங்கி வந்து வெந்நீரில் போட்டு எடுத்தாள்.

அந்த வாரத்துக்கு ஒரு வேலையும் கொடுத்திருந்தார்கள். ஒரு கோழி இதயத்தை வாங்கி, கேமராவுக்கு முன்னால் வெட்டித் திறந்து, நான்கு அறைகளையும் காட்டிப் பேர் சொல்லி, வீடியோவை அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பாதவர்கள் அடுத்த சேர்க்கைவரை காத்திருக்க வேண்டும்.

அந்த வாரம்தான் கோயிலில் காப்புக் கட்டியிருந்தது.

உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். தீமிதிக்குக் காப்புக் கட்டிவிட்டால் தோட்டத்துக்குள் யார் வீட்டிலும் கவுச்சி கிடையாது. சட்டி பானை எல்லாம் சாம்பல் போட்டுத் தேய்த்து, ஃபிரிட்ஜைக்கூடக் கழுவிவிடுவோம். அந்த வருஷம் நானும் தீ மிதிக்கிறவன். என் மணிக்கட்டில் மஞ்சள் கட்டியிருந்தது. பெரியப்பா மகன், உங்கள் அண்ணன், அவனும் கட்டியிருந்தான். அவனுக்கு அதுதான் முதல் தடவை.

அம்மா பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். இதயத்துக்குப் பதிலாக ஒரு பூவை வெட்டிக் காட்டலாமா என்று கேட்டாள். மாணவர் நலனே எங்களுக்கு முக்கியம், ஆனால் பணியையும் தேதியையும் மாற்ற இயலாது என்று பதில் வந்தது. அவள் விடவில்லை. பூசாரியிடமே போனாள். நானும் கூட இருந்தேன்.

"தோட்டத்துக்கு வெளியில, வேற வீட்ல வச்சு வெட்டிட்டு, தலைக்கு ஊத்திக்கிட்டு வந்தா தப்பாங்க சாமி? சாப்பிடப் போறதில்ல. படிப்புக்கு."

பூசாரி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தார். "வாய்ல வைக்கலல்ல? அப்ப என்ன. குளிச்சிட்டு மஞ்சத் தண்ணி தெளிச்சுக்கிட்டு உள்ள வாம்மா" என்றார். இதை நான் என் காதால் கேட்டேன்.

புதன்கிழமை வேலை முடிந்து, உங்கள் அம்மா கூட வேலை செய்கிற மலாய்க்கார அக்காவின் வீட்டுக்கு, தோட்டத்துக்கு வெளியே சுங்கை புரோங் ஊருக்கு, மூன்று பேரும் போனோம். நீதான் போனைப் பிடிப்பேன் என்று அடம்பிடித்து வந்தாய், சின்னவளே. என் காப்பை நினைத்து நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். அந்த அக்கா கோழி இதயத்தைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து, "இவ்வளவு சின்னதா இருக்கே, நீ எறும்புக்கு டாக்டரா?" என்று மலாயில் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். முதல் வெட்டில் உங்கள் அம்மாவுக்கு வார்த்தை தடுமாறியது. அப்புறம் குரல் நிமிர்ந்துவிட்டது. இது மேல் அறை, இது கீழ் அறை, இங்கே பாருங்கள், இடது பக்கச் சுவர் தடிப்பு, இங்கிருந்துதான் உடம்பு முழுக்க அனுப்ப வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனாள். ஜன்னல் வழியாக நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு எல்லாம் புரியவில்லை. அவள் குரல் மட்டும் புரிந்தது.

அந்த வீடியோவில் உன் குரலும் இருக்கிறது. "அம்மா, இது துடிக்குமா?"

"துடிக்காதும்மா. அது முடிஞ்சிருச்சி."

அங்கேயே குளித்தாள். துணி மாற்றினாள். வெட்டும்போது உடுத்தியிருந்த துணியை அந்த அக்கா வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாள். மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் காரில் ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தீமிதி. நான் முன்னால் நெருப்பைத் தாண்டி, முடிவில் இருக்கிற பால்குழியில் காலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், அண்ணன் மகன் நெருப்பு நடுவில் நிற்கிறான். நின்றான், பிள்ளைகளா. ஓடவும் இல்லை, நடக்கவும் இல்லை. ஒரு பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். பின்னால் வந்தவர் பிடித்துத் தள்ளிய பிறகுதான் கத்திக்கொண்டு ஓடிவந்தான். இரண்டு பாதமும் தோல் உரிந்து தொங்கியது.

கூட்டத்தில் யாரோ, "சுத்தமில்லாம எவனோ வந்திருக்கான்" என்றார்கள். பிறகு எல்லோரும் அதையே சொன்னார்கள். அவன் நின்றதை நானூறு கண் பார்த்திருக்கும். ஒரு வாய்கூட அதைச் சொல்லவில்லை.

அவனைக் கிளினிக்குக்குக் கொண்டுபோன பிறகு, பெரியம்மா வீடு வீடாக யார் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். நம் வீட்டு வாசலில் நீதான் இருந்தாய். "உங்க வீட்ல என்னடி ஆக்குனாங்க?" என்று கேட்டாள். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "எங்க வீட்ல முட்டைகூட இல்ல பெரியம்மா. அம்மா படிப்புக்குக் கோழி ஹார்ட் வெட்டினதுகூடத் தோட்டத்துல இல்ல. சுங்கை புரோங் போய்க் குளிச்சிட்டுத்தான் வந்தாங்க."

உன் அம்மா எவ்வளவு சுத்தமாக இருந்தாள் என்று எடுத்துச் சொன்னாய். வேறு என்ன செய்தாய்? ஏழு வயதுப் பிள்ளை தன் அம்மாவுக்காகப் பேசியதை ஒரு பெரிய மனுஷி கத்தியாக எடுத்துக்கொண்டு போனால், அது பிள்ளை குற்றமா?

அதற்குப் பிறகு பேர் வைத்துவிட்டார்கள். 'இதயம் அறுத்தவ.' குழாயடியில், மளிகைக்கடையில், வேலைக்குப் போகிற லோரியில். லோரியில் அவள் ஏறினால் பக்கத்தில் இருக்கிறவள் தள்ளி உட்காருவாள். ஒருத்தி தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "இருக்கா பாத்துக்கறேன் லா" என்பாளாம். லோரியே சிரிக்குமாம். அப்படிச் சிரித்த அத்தனை பேரும், காப்பு அவிழ்த்த மறுநாள் கோழிக்குழம்பு வைத்தவர்கள்.

பூசாரியைப் போய்ப் பிடித்தேன். "நீங்கதான சாமி சரின்னு சொன்னீங்க?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் பொதுவா ஏதோ சொல்லியிருப்பேன். தலைவர் இருக்காரு, அவர்கிட்ட பேசிக்கோ தம்பி."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெரியப்பா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு அனுப்பினார். உங்களை நான் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டுப் போனேன். நீங்கள் வேலிக்குப் பக்கத்தில் வந்து நின்றதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அண்ணன் மகன் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கட்டுப் போட்ட இரண்டு காலும் ஒரு ஸ்டூல்மேல். கையில் போன். வாசல்பக்கம் கோயில் ஆட்கள் ஐந்தாறு பேர்.

"படிக்கிறது உன் இஷ்டம். நான் தடுக்கல" என்றார் பெரியப்பா. "ஆனா புள்ள கால் போச்சு. அவன் கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போ. கோயில்ல யாரும் பேசாம நான் பாத்துக்கறேன்."

நான் எழுந்துவிட்டேன். "அண்ணே, என்ன பேசுறீங்க? அவ சித்தி. தாய் முறை. புள்ள கால்ல தாய் விழறதா?"

"தாய் செய்ற வேலையா அவ செஞ்சா?" இது பெரியம்மா.

"அவன் நடுவுல நின்னான் அண்ணே. நானே பாத்தேன்."

"ஏன் நின்னான்? அம்மன் நிறுத்துனா. எதுக்கு நிறுத்துனா? நீயே சொல்லு."

கையைப் பிடித்து உங்கள் அம்மாவை வெளியே இழுத்தேன். அவள் வரவில்லை. என் கையை மெதுவாக எடுத்துவிட்டு, பெரியப்பாவைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"விழுந்தா வைஃபை இருக்கும்ல மாமா? சனிக்கிழமை கிளாஸ் ஆரம்பம்."

"இருக்கும். அதை ஏன் நான் எடுக்கப் போறேன்?"

அவள் மண்டி போட்டாள். ஸ்டூலுக்கு முன்னால் குனிந்து, இரண்டு கையையும் தரையில் வைத்தாள்.

"நெத்தி தரையில படல" என்றாள் பெரியம்மா. "சும்மா குனிஞ்சா ஆச்சா? இன்னொரு தடவை."

இன்னொரு தடவை விழுந்தாள். நெற்றி சிமெண்டில் படுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவன் ஒரு தடவைகூட, வேண்டாம் சித்தி, என்று சொல்லவில்லை. அவளுடைய தலை பட்டு ஸ்டூல் ஆடியபோது, "ஆ, வலிக்குது, பாத்து" என்றான். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவினாள். துண்டால் துடைத்துக்கொண்டே, "சரி, சனிக்கிழமைக்கு அந்த விளக்கைக் கொஞ்சம் இடது பக்கம் நகத்திக் குடுங்க" என்றாள். நகர்த்திக் கொடுத்தேன்.

இனி வருவது உங்களுக்குத் தெரியாது. வியாழக்கிழமை அண்ணன் மகனுக்குக் கட்டு மாற்ற வேண்டும். பெரியப்பாவுக்கு வேலை. கார் என்னிடம் இருக்கிறது. கூட்டிக்கொண்டு போனேன். ஏன் போனீர்கள் என்று அக்கா கேட்பாள். கால் வெந்தது நிஜம்தானே, அதற்காகத்தான். கிளினிக் இருக்கிற தஞ்சோங் காராங் போகிற வழியில் அவனாகவே பேச ஆரம்பித்தான்.

"சித்தப்பா, ஒன்னு சொன்னா யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களே?"

"சொல்லு."

"என் ஃப்ரண்டு ஓரத்துல நின்னு வீடியோ எடுத்தான். மூஞ்சி தெரியலன்னு கை காட்டினான். அதான் திரும்பி ஒரு செகண்ட் நின்னேன். ஒரு செகண்ட்தான் லா. அப்புறம் கால் நகரல."

நான் காரை ஓரமாக நிறுத்தினேன். "இதைச் செவ்வாக்கிழமை சொல்லியிருக்கலாம்ல?"

"அப்பா என்னைக் கொன்னுடுவாரு சித்தப்பா. சித்தி பரவால்ல. சித்திக்குப் பெரிய மனசு." சொல்லிவிட்டுப் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வைஃபை பாஸ்வேர்ட் மாறியது. நான் போய் வாசலில் நின்றேன். உள்ளே டிவியில் பெரியம்மா அதே வைஃபையில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விழுந்தா இருக்கும்னு சொன்னீங்களே அண்ணே."

"அவ விழுந்தது சாமிக்கு, தம்பி. வைஃபை என் பில்லு." பெரியப்பா பல் குத்திக்கொண்டே சொன்னார். "வீட்டுக்குள்ள இந்த அறுப்பு வேலைக்கெல்லாம் என் லைன் வேணாம். கோயில்லயும் பேசிட்டோம்."

அப்போதுதான் சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நான் அவனுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. "உங்க மகன் நின்னது வீடியோவுக்கு. மூஞ்சி தெரியணும்னு நின்னான். என்கிட்ட அவனே சொன்னான்."

பெரியப்பா திரும்பினார். "டேய், சொன்னியா?"

அவன் நாற்காலியிலிருந்து என்னைப் பார்த்தான். ஒரு கணம் வாயைத் திறந்தான். பிறகு, "இல்லப்பா. சித்தப்பா ஏதோ கோவத்துல சொல்றாரு" என்றான்.

"பொண்டாட்டிக்காகப் புள்ள மேல பழி போடுறியே, வெக்கமா இல்ல?" என்று கேட்டார் என் அண்ணன். கதவைச் சாத்தவில்லை. திறந்தே வைத்துக்கொண்டு டிவி பார்க்கத் திரும்பிவிட்டார். நான் அங்கே நிற்பதும் போவதும் அவருக்கு ஒன்றுதான் என்று காட்டினார்.

உங்கள் அம்மாவிடம் வந்து சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள். "ரெண்டு தடவ விழுந்தேனே" என்றாள். நெற்றியில் இருந்த சிவப்பு அதற்குள் மங்கியிருந்தது.

சனிக்கிழமை காலை நீங்கள் இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். நாங்கள் காரை எடுத்துக்கொண்டு சுங்கை புரோங் வயல் பக்கம் போனோம். நம் லயத்தில் போன் லைன் கிடைக்காது. அங்கே மறைக்க மரமில்லாததால் நன்றாகக் கிடைக்கும். வரப்பு ரோட்டில் காரை நிறுத்தினேன். அவள் பின் சீட்டில் உட்கார்ந்து மடிக்கணினியை முழங்காலில் வைத்துக்கொண்டாள். கண்ணாடி வழியாக வெயில் திரையில் அடித்தது. நான் வெளியே நின்று, காரில் கிடந்த என் கைலிச் சாரத்தை விரித்துக் கண்ணாடியை மறைத்துப் பிடித்தேன். நாற்று நடுகிற மிஷினில் போன ஒரு பையன் என்னைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போனான்.

வகுப்பு ஆரம்பித்தது. இவள் முறை வந்தபோது தன் வேலையைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னாள். மலாய்க்கார அக்காவின் சமையலறையில் கேட்ட அதே குரல். பிறகு பாடம் நடத்துகிற டீச்சரம்மா பேசினார். கார்க் கண்ணாடி கொஞ்சம் திறந்திருந்ததால் எனக்கும் கேட்டது, ஆனால் புரியவில்லை. முடிந்து அவள் இறங்கி வந்த பிறகுதான் சொன்னாள்.

"ஏங்க, அந்த வீடியோவ யாரும் பாக்கவே இல்லையாம்."

"ஏன்?"

"அது சும்மா, நம்ம லைன்ல வீடியோ போகுதா, கேமரா வேலை செய்யுதான்னு பாக்கத்தானாம். வந்து சேர்ந்தா போதுமாம். ஒருத்தர் தக்காளிய வெட்டி அனுப்பியிருக்காரு. 'பரவாயில்லையா'ன்னு கேட்டாரு. 'ஒன்னும் பரவாயில்ல, தக்காளியும் நல்லாத்தான் இருக்கு'ன்னு அந்த அம்மா சிரிக்கிறாங்க." சொல்லிவிட்டு இவளும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தாள். "தக்காளிங்க. தக்காளி போதுமாம்." பிறகு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையில் இருந்த சாரத்தை மடித்து வைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து பின்னால் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். "அடுத்த சனிக்கிழமையும் இங்கயே வந்துடலாம். ஆனா இன்னும் சீக்கிரம் வரணும், வெயில் ஏறிடுது" என்றாள்.

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் நாங்கள் எங்கே போகிறோம் என்று உங்களுக்குத் தெரியும். ஏன் என்பதும் தெரிந்துகொள்ளுங்கள். பெரியப்பா வீட்டில் பேசக்கூடாது என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். மரியாதையாகப் பேசுங்கள். ஆனால் சின்னவளே, அவர்கள் உன்னிடம் எதையாவது கேட்டால், நீ பயந்து பொய் சொல்லத் தேவையில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை அந்த ஹாலில் இருந்த பெரியவர்கள் எல்லோரையும்விட நீ நன்றாகப் பேசியவள்.

அந்த முதல் சனிக்கிழமை உங்கள் அம்மாவை வாசலில் இறக்கிவிட்டு, காரைப் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினேன். அவள் உள்ளே போய்விட்டாள். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால், அது தன் பாட்டுக்கு அண்ணன் வீட்டு வைஃபையைத் தேடிப் பிடித்து, பாஸ்வேர்ட் தப்பு, மறுபடியும் போடு என்று கேட்டது. முந்தின நாளிலிருந்து வாசலுக்கு வரும்போதெல்லாம் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இருந்த சின்ன எழுத்து கண்ணாடி போடாமல் எனக்குத் தெரியாது. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, அதை எப்படி எடுப்பது என்று ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்த்தேன். கடைசியில் கிடைத்தது. அந்த வைஃபையின் பெயரைப் போனிலிருந்து அழித்தேன். பிறகு கார்க் கதவைப் பூட்டினேன்.